ஆதம்பாவாவின் கடனும் ரீச்சர் கேட்ட கடதாசியும்

சென்ற மாதம் கல்முனையில் உள்ள எங்கள் பழைய கந்தோரில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. கடன் அறவிடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் ஒரு மணித்தியாலம் பேச வேண்டுமாம். ஓய்வு பெற்ற நாளில் இருந்து வீட்டில் மனைவி பேசுவதை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, பத்துப் பேர் தன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு நேரத்துக்கு முன்பே போய்விட்டேன்.

கந்தோர் மாறியிருந்தது. எல்லோர் காதிலும் ஒரு கருவி, வாய்க்கு முன்னால் ஒரு குமிழ். வெயிலில் அலையாமல், நாய்க்கு ஓடாமல், கதிரையில் இருந்தபடியே அறவிடுகிறார்கள். ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்.

"சேர், இப்ப புதுச் சுற்றறிக்கை வந்திரிக்கி. ஆரும் பழைய கடனுக்கு ஆதாரம் கேட்டா, அதக் குடுக்கும் வரைக்கும் காசு கேக்கப்படாதாம். கட்ட விருப்பமில்லாத ஆக்கள்தானே ஆதாரம் கேப்பாங்க? அவங்கள எப்பிடி மடக்குற?"

"மடக்க ஏலாது மகள். நான் ஒருக்கா மடக்கப் போய் நானே மடங்கினன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ரோல்ஸும் தேநீரும் வந்துவிட்டன. ரோல்ஸ் வந்த பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஹனிபா. சாய்ந்தமருதில் பிறந்து, சாய்ந்தமருதிலேயே பெண் எடுத்து, எங்கள் பக்க வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபோனவன். தொழிலைக் கற்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. முதல் கிழமை கடிதம் மடிக்கப் பழகினேன், இரண்டாம் கிழமை திட்டு வாங்கப் பழகினேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் புதிதாகப் பழக ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனம் யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. மற்றவர்கள் கொடுத்து, அலுத்து, கைவிட்ட கடன்களைக் கட்டுக் கட்டாக மலிவு விலைக்கு வாங்கும். பிறகு என்னைப் போன்றவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பும். மூன்று கடிதங்கள் போக வேண்டும் என்பது ஒழுங்கு. முதலாவது 'தயவுடன்' என்று தொடங்கும். இரண்டாவது 'கடைசியாக' என்று தொடங்கும். மூன்றாவது 'இறுதியாகவும் கடைசியாகவும்' என்று தொடங்கும். மூன்றையும் ஒரே நாளில் அடித்து மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டு அனுப்புவோம்.

எங்கள் மனேஜர் சிவநேசன் சேர் கல்முனைக்காரர். சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதில்லை. யோசிக்க வேண்டிய விடயம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். முடிவு வந்ததும் எடுத்துக் கட்டுவார். கடிகாரம் மேசையில் இருக்கும்வரை நாங்கள் மூச்சு விடுவதையும் மெதுவாகத்தான் செய்வோம். வீடுகளுக்குப் போவதற்கு அவர் வைத்த ஒழுங்குகளும் இருந்தன. மோட்டார் சைக்கிளை இரண்டு வீடு தள்ளி நிறுத்த வேண்டும். வாசல் படலையில் நின்று 'கடன்' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது, 'ஒரு கடிதம் இருக்கு' என்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டில் பெண்கள் தனியே இருந்தால் உள்ளே போகக் கூடாது. தேநீர் தந்தால் குடிக்கலாம், ஆனால் குடித்துவிட்டால் அன்றைக்குக் காசு கேட்கக் கூடாது. இந்தக் கடைசி ஒழுங்கை ஊர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. நான் படலையைத் திறக்கும்போதே அடுப்பில் கேத்தல் ஏறிவிடும்.

சேருக்குத் தெரியாத ஒரு வழி என்னிடம் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால், எங்கள் பேச்சில் மௌத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகை தொடங்கும் முன், வீட்டு ஆண் ஒருவர் சஃபு எனப்படும் தொழுகை வரிசைகளுக்கு முன்னால் நின்று, "மையித்து ஆருக்கும் கடன் குடுக்க இரிந்தா எங்கள்ட்டச் சொல்லுங்க, நாங்க பொறுப்பு" என்பார். கடன் தீரும்வரை மௌத்தான அந்த மையித்துக்கு விடுதலை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம். நான் என்ன செய்வேன் என்றால், ஒலிபெருக்கியில் பெயர் கேட்டதும் கடனாளிப் பட்டியலைப் புரட்டுவேன். பெயரும் வீடும் பொருந்தினால் பத்து நாள் கழித்துப் போவேன். அந்த வீடுகளில் யாரும் தேநீர் தந்து சமாளிக்க மாட்டார்கள். ஏன், எப்போது, எதற்கு என்று ஒரு கேள்வி வராது. நகை விற்றாவது தந்துவிடுவார்கள். இவை நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காத, காலம் கடந்த கடன்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மையித்தின் பாரத்தை இறக்குகிறேன், இது ஒரு நன்மை என்று என் மனதுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நன்மைக்குக் கமிஷனும் கிடைத்தது. அதில்தான் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.

சுனாமி கழிந்து பத்து வருடமளவில் ஒரு நாள் ஒலிபெருக்கியில் ஆதம்பாவா என்ற பெயர் கேட்டது. சாய்ந்தமருதுச் சந்தைக்குள் நின்று ஆதம்பாவா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே வீட்டையும் பார்த்தேன். பட்டியலில் இருந்த அதே தெரு, அதே வீட்டு இலக்கம். சுனாமிக்கு முந்திய கடன், ஒரு லட்சத்துச் சொச்சம், வட்டியோடு மூன்று மடங்கு. பத்தாம் நாள் போனேன்.

மௌத்தானவர் தையற்கடை வைத்திருந்தவர். மனைவி சித்தி பரீதா, பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராமல் இருக்க வேண்டிய காலம் அது. விறாந்தையில் எனக்கொரு கதிரை, துணைக்கு அவருடைய மாமா ஒருவர், வாசலில் ஒரு திரை. மாமா பாதி நித்திரையில் இருந்தார். ரீச்சரின் குரல் திரைக்குப் பின்னால் இருந்து வந்தது. அந்த முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"இது ஆதம்பாவாட வீடுதானே?"

"ஓம்."

நான் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். அது திரைக்குள் போனது.

"தம்பி, இவர் எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்லையே."

"ஆம்பிளையள் எல்லாத்தையும் வீட்டுல சொல்லுவாங்களா ராத்தா? மையித்துட பாரத்த எறக்குற ஒங்கட கையிலதான் இரிக்கி." இந்த வசனத்தை நான் பல வீடுகளில் சொல்லிப் பழகியவன். சொன்னதும் குரல் உடையும், பிறகு காசு வரும்.

குரல் உடைந்தது. ஆனால் காசு வரவில்லை.

"இவர்ட கடன் எண்டா ஒரு சதம் விடாம தருவன் தம்பி. காப்ப வித்துத் தருவன். நான் தரமாட்டன் எண்டு சொல்லல்ல, காட்டுங்க எண்டுதான் சொல்றன். வகுப்புல பிள்ளையள் விடைய மட்டும் எழுதினா நான் புள்ளி குடுக்குறல்ல. செய்கை வழியக் காட்டணும். நீங்க விடையோட மட்டும் வந்திரிக்கீங்க."

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடானது. "கடன எழுதிக்கொள்ளுங்க எண்டு குர்ஆன்லயே இரிக்கி, அந்த எழுத்து எங்க?" என்று குரல் தொடர்ந்தது. எழுத்து கந்தோரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நாலு நாள் கழித்துக் கந்தோருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பதிவுத் தபால் அனுப்புவது எங்கள் வேலை. எங்களுக்கே ஒருவர் அனுப்பியது அதுதான் முதல் தடவை. ஒற்றைக் கோட்டுத் தாளில் அழகான கையெழுத்து. கடன் பத்திரத்தின் பிரதி, அதில் உள்ள கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், கடன் பெற்ற திகதி, எதற்காகப் பெற்றது, எத்தனை தவணை கட்டப்பட்டது, இந்தக் கடன் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எல்லாம் கேட்டிருந்தார். கடைசியில், 'என் கணவர் தம் கப்றுக் குழிக்குள் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாரோ என்ற எண்ணத்தில் எனக்கு நித்திரை வருவதில்லை, ஆகையால் தாமதிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

நான் சிரித்துக்கொண்டுதான் அதைச் சேரிடம் கொண்டுபோனேன். "கட்டாம இழுக்கிறதுக்கு ஒரு வழி சேர்" என்றேன். சேர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு முறை வாசித்தார்.

"ஹனிபா, கட்டமாட்டன் எண்டு இதில எங்கயாவது எழுதியிருக்காவா?"

"இல்ல சேர்."

"மௌத்தாகிப் பத்து நாளில அங்க ஏன் போன?"

நான் என் வழியைச் சொன்னேன். சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே கேட்டது. சேர் கடிதத்தை மடித்துக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வேறெதையோ கேட்டார்.

"இந்த ஆதம்பாவா எந்த வருசம் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர்?"

"தெரியா சேர்."

"நீங்க ஒங்கட மனிசிட வீட்டுக்குப் போறதுக்கு முதல் ஒரு கடன் எடுத்திருந்தா, கடிதம் எந்த வீட்டுக்குப் போகும்?"

"எங்கட உம்மாட வீட்டுக்கு."

"இப்ப அந்த வீட்டில ஆர் இருக்கா?"

"தங்கச்சியும் மச்சானும்."

சேர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். கொழும்பில் இருந்து பட்டியல் அடித்து அனுப்புகிறவனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் கரையில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் வீட்டை விட்டுப் போவான், வீடு பெண்பிள்ளைக்கு, வருகிறவன் வேறொருவன். நானே அப்படிப் போனவன். ஒரு விலாசத்தில் உள்ள ஆண் பத்து வருடம் கழித்தும் அதே ஆணாக இருப்பான் என்று நம்பிப் போன மடையன் நான்தான்.

பத்திரத்தைத் தேடத் தொடங்கினேன். கடன் கொடுத்த நிறுவனத்தின் கோவைகள் சுனாமியில் நனைந்து, மொட்டை மாடியில் கருவாடு போலக் காய்ந்து, சாக்குகளில் கட்டி எங்கள் களஞ்சியத்துக்கு வந்து கிடந்தன. மூன்று நாள் தும்மினேன். நாலாம் நாள் கிடைத்தது. ஓரம் கரைந்திருந்தாலும் எழுத்து தெளிவு. பெயர் ஆதம்பாவா. தொழில் மீன்பிடி. கடன் பெறும் நோக்கம் என்ற கோட்டில், 'தங்கச்சிட வீட்டுக்கு ஓடும் கதவும்' என்று இருந்தது. கூடவே தவணை அட்டையும் இருந்தது. கார்த்திகை வரை ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருக்கிறார். மார்கழியில் கடல் வந்தது. அதற்குப் பிறகு அட்டை வெறுமை.

அயலில் விசாரித்தபோது, ரீச்சரின் கணவர் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய வருடத் திகதி அது என்று தெரிந்தது. கடன்காரர் ரீச்சரின் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா. அவரும் ஆதம்பாவாதான். கலியாணம் முடித்து ஒலுவிலுக்குப் போனவர்.

மறுபடியும் விறாந்தை, கதிரை, மாமா, திரை. பிரதிகள் உள்ளே போயின. கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"கையெழுத்து காக்காட" என்றார் ரீச்சர். "எனக்குச் சந்தேகம் இரிந்திச்சி தம்பி. ஹயாத்தோட, உசிரோட இரிக்கிற காக்காட பேர நான் எப்பிடி வாயால சொல்ற? மௌத்தானவர்ட பேர எப்பிடி விட்டுக்குடுக்குற? அதுதான் எழுத்தக் கேட்டன்." பிறகு ஒவ்வொரு சொல்லாக வாசிக்கும் குரல். "தங்கச்சிட... வீட்டுக்கு... ஓடும்... கதவும்."

மாமா தொண்டையைச் செருமினார். பிறகு ரீச்சர் பேசினார்.

"வீடு முடியக்குள்ள, ஓட்டுக்குக் காசு எங்கால எண்டு வாப்பாட்டக் கேட்டன். காக்காக்கு இந்த வருசம் நல்ல மீன் பட்டிரிக்கி எண்டு சொன்னார். அத நம்பிக்கொண்டு இவ்வளவு காலமும் இந்த ஓட்டுக்குக் கீழ படுத்திரிக்கன்."

எனக்கு அழுகை வந்தது. கடன் அறவிடப் போன இடத்தில் அழுதால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று ஒழுங்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் மாமா பார்க்காதவாறு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"முதல்ல ஒரு கடிதம் தாங்க" என்றார் ரீச்சர். "இந்தக் கடன் என்ட மாப்பிள்ளைட இல்ல எண்டு." அந்த விறாந்தையிலேயே எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். திரைக்குள் இருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு மூச்சு வந்தது. பன்னிரண்டு நாளாக அந்த மனுஷியின் நெஞ்சில் நான் ஏற்றி வைத்த கல் இறங்கிய சத்தம் அது.

"இப்ப தொகையச் சொல்லுங்க. முதல்தொகைய நான் தாறன். வட்டி தரமாட்டன். வட்டி ஹறாம் எண்டு ஒங்களுக்கும் தெரியும் தம்பி. அஞ்சு நேரமும் தொழுற ஆள் மாதிரித்தானே இரிக்கீங்க?"

சேர் வட்டியைத் தள்ளுபடி செய்தார். ஆனால் ஒழுங்குமுறை தவறாத ஹனிபா இதற்கிடையில் இன்னொரு வேலை பார்த்திருந்தான். சரியான கடன்காரர் அகப்பட்டுவிட்டார் என்று ஒலுவிலுக்கு 'தயவுடன்' கடிதத்தைப் போட்டுவிட்டான். ஆகவே காப்பு விற்ற காசோடு மாமா வந்த அதே காலையில், தோணியின் பங்கை விற்ற காசோடு காக்காவும் வந்து நின்றார்.

"அவ இத்தாவில இரிக்கிற பிள்ள, அவட காச எடுப்பீங்களா?" என்று காக்கா என்னோடு பாய்ந்தார். "ஓடு அவட தலைக்கு மேலதான் இரிக்கி, அவதான் கட்டுவா" என்று மாமா நித்திரையெல்லாம் கலைந்து நின்றார். கட்டமாட்டேன் என்று சண்டை பிடித்தவர்களை முப்பது வருடமாகப் பார்த்தவன் நான். ஒரு கடனைக் கட்ட இரண்டு பேர் மல்லுக்கட்டியது அன்று மட்டும்தான். சேரின் கடிகாரம் நெடுநேரம் மேசையில் கிடந்தது. கடைசியில் பாதி அங்கே, பாதி இங்கே என்று வாங்கி, இரண்டு ரசீது வெட்டச் சொன்னார். இருவரும் முறைத்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போனதும் சேர் என்னைக் கூப்பிட்டார். "ஹனிபா, இதுக்கு முதல் எத்தின ஜனாஸா வீட்டுல வாங்கின?" என்றார்.

ஏழு வீடு. ஏழுக்கும் பத்திரம் தேடினேன். மூன்று கிடைத்தன, மூவரும் சரியான ஆட்கள். நாலு கிடைக்கவேயில்லை. அந்த நாலு வீட்டுக்கும் காசைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று சேர் தலைமைக் கந்தோருக்கு எழுதினார். கணக்கு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நான் அந்த நாலில் ஒரு வீட்டுக்கு நேரே போய், வாங்கிய காசு சரிதானா என்று எனக்குச் சந்தேகம் என்று உண்மையைச் சொன்னேன். அந்த மகன் நடுங்கிப்போனான். "அப்ப வாப்பாட கடன் இன்னும் எங்கயோ இரிக்கா? எங்கட நிம்மதியக் கெடுக்காதீங்க, போங்க காக்கா" என்றான். மற்ற மூன்று வீட்டுக்கும் போக எனக்குக் கால் வரவில்லை. கமிஷனில் வாங்கிய ஃப்ரிட்ஜ் இன்றும் ஒரு பழுதில்லாமல் ஓடுகிறது. இரவில் அது உறுமும்போது மனைவிக்கு நித்திரை, எனக்கு இல்லை.

ஆகவே பிள்ளைகளே, ஆதாரம் கேட்கிறவரை மடக்கப் பார்க்காதீர்கள். கேட்காமல் தருகிறவரிடம்தான் பயம் வேண்டும்.

என் மகனிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். என் ஜனாஸாவில் நீ சஃபுக்கு முன்னால் நின்று அந்த அறிவிப்பைச் சொல்லும்போது, அந்த நாலு வீட்டில் இருந்து யாராவது எழுந்து வந்தால், ஆதாரம் கேட்காதே, காசைக் கொடு. என் கையெழுத்துள்ள நாலு ரசீதுகளின் அடிக்கட்டைகளும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.